தீயணைப்பானைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீயணைப்புப் பயிற்சியில் செய்து காட்டும் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகுதான் கேள்விகள் வரும். எந்தக் கூட்டமாக இருந்தாலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். எத்தனை வைக்க வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் போன்றவை இடத்துக்கு இடம் மாறுவதால் அதற்குள் போகவில்லை.

1. தீயைப் பார்த்தவுடனே தீயணைப்பானைத் தேடி ஓடணுமா?

வேண்டாம். முதலில் சத்தம் போடுங்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியேறத் தொடங்க வேண்டும், யாராவது ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும். இவை நடக்கத் தொடங்கிய பிறகே தீயணைப்பானில் கை வையுங்கள். நீங்கள் தனியாக இருந்து, தீ மிகச் சிறியதாக, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் நேராக அதை எடுக்கலாம்.

'சின்னத் தீதானே, எதுக்கு அவங்களைக் கூப்பிடணும்' என்று தயங்குபவர்கள் நிறைய. நீங்களே அணைத்துவிட்டால் வந்தவர்கள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அணைக்க முடியாமல் போன பிறகு போன் செய்தால், இழந்த நிமிடங்களை யாராலும் ஈடுகட்ட முடியாது.

2. எவ்வளவு பெரிய தீ வரைக்கும் நாமே முயற்சி பண்ணலாம்?

ஒரு குப்பைக்கூடை எரிகிற அளவு. இப்போதுதான் பற்றி, ஒரே பொருளோடு நிற்கிற தீ. அது உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டாலோ, திரைச்சீலை வழியாக மேலே ஏறிவிட்டாலோ, பக்கத்துப் பொருளுக்குத் தாவிவிட்டாலோ, கையில் தூக்கும் தீயணைப்பானால் ஆகாது. என்ன எரிகிறது என்றே தெரியாத இடத்திலும் விலகிவிடுங்கள்.

அளவைவிட முக்கியம், நீங்கள் நிற்கும் இடம். வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், தீ உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். தீயைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக முடியும் என்கிற இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்காதீர்கள். பயிற்சியில் சொன்ன மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் மறக்கக் கூடாது. கீழே 'வாசல் விதி' என்று எழுதும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது புகை. தீ விபத்துகளில் பலரைக் கொல்வது புகை. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புத்தி மந்தமாவதே தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவார். கூரையடியில் சேர்ந்த புகை தலைமட்டத்துக்கு இறங்குகிறது என்றால் தீ எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

3. சரி, எப்படி அடிக்கணும்? சுருக்கமா சொல்லுங்க.

பின்னை (கைப்பிடியைப் பூட்டி வைத்திருக்கும் கம்பியை) இழு, தீயின் அடியைக் குறிவை, கைப்பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. இந்த நான்கும் இதே வரிசையில்.

இதில் பலரும் தவறுவது இரண்டாவதில். கண்ணுக்குத் தெரிவது உயர்ந்து நிற்கும் சுவாலை என்பதால் கை தானாக அங்கே போகிறது. சுவாலையின் மேல் அடித்தால் பவுடர் அதைக் கடந்து பின்னால் போய் விழும், தீ அப்படியே இருக்கும். எரிவது கீழே இருக்கிற பொருள். குழாயின் வாய் அந்தப் பொருளைப் பார்க்க வேண்டும். முன் ஓரத்தில் தொடங்கி, தரையைப் பெருக்குவதுபோல இடமும் வலமுமாக வீசிக்கொண்டே, தீ பின்வாங்கப் பின்வாங்க மெதுவாக முன்னே நகருங்கள். தீயணைப்பானை நிமிர்த்தியே பிடியுங்கள். பெரும்பாலான வகைகளில் உள்ளே அடிவரை போகும் ஒரு குழாய் வழியாகத்தான் மருந்து, அதாவது தீயை அணைக்கும் பொருள், மேலே ஏறுகிறது. சாய்த்தாலோ கவிழ்த்தாலோ காற்று மட்டும் வெளியேறி மருந்து உள்ளேயே தங்கிவிடும்.

4. பதற்றத்துல பின்னை இழுத்தா வரவே இல்லை. ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் இல்லை. பதற்றத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே பின்னை இழுக்கிறோம். கைப்பிடியை அழுத்தும்போது அந்த அழுத்தம் பின்னின் மேல் விழுந்து அதைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது.

தீயணைப்பானைத் தரையில் வைத்துவிட்டு, அல்லது கைப்பிடியின் கீழ்ப்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பின்னை ஒரு திருகு திருகி இழுங்கள். திருகும்போதே அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் முத்திரை அறுந்துவிடும். தீயை நெருங்கும் முன் ஒரு நொடி அழுத்தி, மருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராத சிலிண்டரோடு தீக்கு முன்னால் போய் நிற்பதைவிட இது மேல்.

5. ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? அஞ்சு நிமிஷம்?

இந்தப் பதிலைக் கேட்டதும்தான் வகுப்பு அமைதியாகும். ஒன்று, இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் சுமார் 8 முதல் 10 நொடி. ஆறு கிலோ என்றால் ஏறக்குறைய 15 முதல் 20 நொடி. அவ்வளவுதான் மொத்தமும்.

அதனால்தான் குறி முக்கியம், அதனால்தான் 2ஆவது பதிலில் குப்பைக்கூடை அளவு என்றேன். முதல் ஐந்து நொடியை சுவாலையின் உச்சியில் வீணாக்கினால் பாதி போய்விட்டது.

6. எவ்வளவு தூரத்துல நிக்கணும்?

பவுடர், தண்ணீர், நுரை வகைகளுக்கு இரண்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தொடங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு வாயு அவ்வளவு தூரம் போகாது. ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நெருங்க வேண்டியிருக்கும். திறந்த வெளியில் காற்று உங்கள் முதுகில் பட நில்லுங்கள், இல்லையென்றால் புகை, வெப்பம், பவுடர் எல்லாம் உங்கள் முகத்துக்கே திரும்பும்.

எரியும் திரவத்துக்கு மிக அருகில் போய் வேகமாக அடிக்காதீர்கள். பீய்ச்சும் வேகத்தில் திரவமே சிதறி நாலாபக்கமும் தீ பரவும்.

7. இந்த ஏ, பி, சி எழுத்தெல்லாம் என்ன? எல்லாத் தீயும் தீதானே?

தீக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். ஒன்றை எடுத்தாலும் அணையும். ஆனால் எதை எடுப்பது சுலபம் என்பது எரிகிற பொருளைப் பொறுத்தது. எழுத்துகள் அதற்காகத்தான்.

மரம், காகிதம், துணி போல எரிந்து கங்காகிற திடப்பொருள்கள் ஏ. பெட்ரோல், தின்னர் போன்ற திரவங்கள் பி. மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள் டி. இதுவரை எல்லா இடத்திலும் ஒன்றுதான். குழப்பம் சி-யில். ஐரோப்பிய முறையில் சி என்றால் எரிவாயு; அமெரிக்க முறையில் சி என்றால் மின்சாரம் ஓடும் கருவிகள். அடுப்பு எண்ணெய்த் தீயை ஐரோப்பிய முறை எஃப் என்கிறது, அமெரிக்க முறை கே என்கிறது. எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பக்கத்தில் இருக்கும் படத்தையும் பாருங்கள்.

8. நிறத்தை வச்சே எந்த வகைன்னு கண்டுபிடிச்சிடலாமே?

நம்ப வேண்டாம். பல இடங்களில் எல்லா வகையும் சிவப்பு உடம்போடுதான் வருகின்றன. வகையைக் காட்டும் வண்ணப்பட்டை இருந்தாலும் அது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. லேபிளைப் படியுங்கள், அதுவும் இன்றைக்கே. தீ பிடித்த அன்று கண்ணாடி போட்டுப் படிக்க நேரம் இருக்காது.

ஒரு சின்ன அடையாளம் உண்டு. அழுத்தமானி இல்லாமல், முனையில் அகன்ற கறுப்புக் கொம்புபோல ஒன்று இருந்தால் அநேகமாக அது கார்பன் டை ஆக்சைடு.

9. ஏபிசி பவுடர் எல்லாத்தையும் அணைக்கும்னு கடைக்காரர் சொன்னார். அப்போ மத்ததெல்லாம் எதுக்கு?

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நானும் ஏபிசி பவுடரைத்தான் சொல்வேன். அதன் முக்கிய மருந்து மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சுவாலைக்குள் நடக்கும் வேதிவினையின் தொடரை அது அறுக்கிறது. சூடான திடப்பொருளின் மேல் உருகிப் படலமாகவும் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஏ வகைத் தீயிலும் வேலை செய்கிறது. சோடியம் பைகார்பனேட் அடிப்படையிலான பிசி பவுடருக்கு இந்த ஒட்டும் குணம் இல்லை.

குறைகளும் உண்டு. பவுடர் சூட்டைத் தணிப்பதில்லை, அதனால் கங்கு உள்ளே இருந்தால் மறுபடி பற்றலாம். மூடிய அறையில் அடித்தால் சில நொடியில் எதிரே எதுவும் தெரியாது. வாசல் விதியை மீறியிருந்தால் அப்போது தெரியும் அதன் அருமை. தூளை மூச்சில் இழுத்தால் தொண்டை எரிந்து இருமல் வரும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். மின்னணுச் சாதனங்களுக்குள் போனால் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும். சர்வர் அறையில் தீயால் ஆகும் நஷ்டத்தைவிடப் பவுடரால் ஆகும் நஷ்டம் பெரியதாகிவிடலாம். அங்கே கார்பன் டை ஆக்சைடோ, எச்சம் விடாத வேறு வாயு வகையோ வைப்பது இதனால்தான்.

10. வாணலியில எண்ணெய் பத்திக்கிச்சு. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு தெரியும். பவுடர் அடிக்கலாமா?

முதல் வேலை அடுப்பை அணைப்பது. கை எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்தது, வாணலியைவிடப் பெரிய தட்டையான உலோக மூடியை உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளி மூடுவது. தீப்போர்வை இருந்தால் அதுவும் சரி. மூடியதும் திறந்து பார்க்காதீர்கள். எண்ணெய் தானாகப் பற்றும் அளவுக்குச் சூடாகியிருக்கிறது, காற்று கிடைத்தால் மறுபடி பற்றும். நன்றாக ஆறும்வரை அப்படியே இருக்கட்டும். எரியும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசம். கையில் சுட்டதும் போட்டுவிடுவோம், தீ தரையெல்லாம் ஓடும்.

தண்ணீர் ஏன் ஆகாது என்றால், அது எண்ணெயைவிடக் கனமானது. அடிக்குப் போய், அங்கே நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிகிறது. அந்த விரிவு எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசி எறியும்.

பவுடர் அந்த நேரத்துக்குச் சுவாலையை அடக்கலாம், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது, வேகமாக அடித்தால் எண்ணெயைத் தெறிக்கவும் வைக்கும். இதற்கென்றே ஈர ரசாயன வகை இருக்கிறது. நீண்ட குழாய் வழியாக மெல்லிய தூறலாக விழுந்து, சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு போன்ற நுரைப்படலமாகி மூடிக்கொள்ளும், கூடவே குளிர்விக்கும். பெரிய அளவில் எண்ணெயில் பொரிக்கும் சமையலறைகளில் அது இல்லாமல் இருக்கவே கூடாது.

11. கரண்ட் தீன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு தண்ணி அடிக்கலாமா?

மின்சாரம் உறுதியாக நின்றுவிட்டால், எரிவது வெறும் பிளாஸ்டிக்கும் மரமும்தான். ஏ வகைத் தீபோல நடத்தலாம். சிக்கல் அந்த 'உறுதியாக' என்ற சொல்லில் இருக்கிறது. இன்வெர்ட்டர், யுபிஎஸ், சூரிய மின்தகடு இருக்கும் இடத்தில் மெயினை அணைத்தாலும் ஏதோ ஒரு கம்பியில் மின்சாரம் இருக்கும். சில கருவிகளின் மின்தேக்கிகளும் சிறிது நேரம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு அல்லது பவுடர். சில நுரை, நீர்த்தூவல் வகைகளில் '1,000 வோல்ட் வரை, 1 மீட்டர் தள்ளி நின்று' என்று லேபிளில் எழுதியிருக்கும். அவற்றை அந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம். எழுதாத எதையும் மின்சாரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

12. கார்பன் டை ஆக்சைடு நாம விடுற மூச்சுதானே? அதுல என்ன ஆபத்து?

இரண்டு ஆபத்து. ஒன்று குளிர். சிலிண்டருக்குள் அது அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. அறை வெப்பநிலையில் அழுத்தம் 57 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும். வெளியே பீறிடும்போது ஒரு பகுதி மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் வெண்பனித் தூளாக மாறும். கொம்பை வெறும் கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு உறைபுண் வரும். அதற்கென்று இருக்கும் பிடியை மட்டும் பிடியுங்கள்.

இரண்டாவது மூச்சு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 2 கிலோ வாயு வெளியே வந்து விரிந்தால் ஏறக்குறைய 1.1 கன மீட்டர். இரண்டு மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 10 கன மீட்டர். முழுதாக அடித்தால் அந்த அறைக் காற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. நான்கு சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வேலையிடப் பாதுகாப்பு விதிகளில் கருதப்படுகிறது. பத்து சதவீதத்தில் நினைவு தப்பிவிடும். சின்ன மூடிய அறையில் என்றால் வாசலில் நின்று உள்நோக்கி அடித்துவிட்டு, வெளியே வந்து, காற்றோட்டம் வரும்வரை உள்ளே போகாதீர்கள்.

இன்னொன்று, இது சுவாலையை அடக்குமே தவிரக் கங்கைக் குளிர்விக்காது. காகிதக் கட்டிலும் மெத்தையிலும் இதை நம்ப முடியாது.

13. கேஸ் சிலிண்டர் வாயில தீ எரியுது. பவுடர் அடிச்சா அணைஞ்சிடுமே?

அணையும். பிரச்சினை அதற்குப் பிறகு. வால்வை மூட முடியாமல் தீயை மட்டும் அணைத்தால் எரியாத வாயு அறைக்குள் சேரும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். எங்கோ ஒரு பொறி கிடைத்ததும் மொத்தமும் வெடிக்கும். எரிந்துகொண்டிருக்கும் கசிவைவிட எரியாத கசிவு ஆபத்து அதிகம்.

ஆகவே வால்வைப் பாதுகாப்பாக மூட முடிந்தால் மூடுங்கள், எரிபொருள் நின்றதும் தீ தானே நிற்கும். வால்வை அடைவதற்கு ஒரு நொடி சுவாலையைத் தணிக்க வேண்டும் என்றால் மட்டும் பவுடர், அடுத்த நொடியே வால்வு. மூட வழியில்லை, அல்லது சிலிண்டரின் உடம்பிலேயே சுவாலை படுகிறது என்றால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தூரமாகப் போய்விடுங்கள்.

14. செல்போன், லேப்டாப், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி எரிஞ்சா எதை அடிக்கிறது?

லித்தியம் பேட்டரியின் தீ உள்ளிருந்தே பிறக்கிறது. ஒரு செல் அளவுமீறிச் சூடாகி, அந்தச் சூடு அடுத்த செல்லைத் தூண்டி, அது அதற்கடுத்ததை. பவுடரும் கார்பன் டை ஆக்சைடும் வெளியே தெரியும் சுவாலையை அடக்கும், உள்ளே ஓடும் வினையை நிறுத்தாது. தேவைப்படுவது குளிர்ச்சி, அதாவது நிறையத் தண்ணீர்.

போன் அளவு என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அணைந்ததுபோலத் தோன்றிய பிறகும் மறுபடி பற்றும், அதனால் கையில் எடுக்காமல் திறந்த வெளியில் விட்டு வையுங்கள். ஸ்கூட்டர் அளவு என்றால் வீட்டுக்குள் வைத்துப் போராட வேண்டாம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. வெளியேறி, கதவைச் சாத்திக்கொண்டு, தீயணைப்பு நிலையத்திடம் பேட்டரி என்று சொல்லிவிடுங்கள். அதோடு, வெளியேறும் வழியில் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டு வைப்பவர்களுக்கு: பற்றினால் வாசல் விதியே அங்கே செல்லாது. இடத்தை மாற்றுங்கள்.

15. ஆள் மேல தீ பிடிச்சா அவர் மேல அடிக்கலாமா?

ஓட விடாதீர்கள். ஓடினால் காற்று பட்டுத் தீ ஏறும். தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், கனமான போர்வையால் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் போர்த்தி அமுக்குங்கள், தண்ணீர் இருந்தால் ஊற்றுங்கள். தண்ணீர் தீயணைப்பான் இருந்தால் தயங்காமல் அடிக்கலாம். வேறு எதுவுமே இல்லாமல் பவுடர் மட்டும் இருந்தால் முகத்தைத் தவிர்த்து அடியுங்கள், எரிய விடுவதைவிட அது மேல். கார்பன் டை ஆக்சைடு வேண்டாம், காரணம் 12இல். தீ அணைந்ததும் காயத்தின் மேல் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம்.

16. பக்கத்து ரூம் கதவிடுக்குல புகை வருது. திறந்து உள்ளே அடிக்கலாமா?

கூடாது. புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாமல் அடங்கிக் கிடக்கும் தீக்குக் கதவைத் திறப்பது காற்றை ஊட்டுவது. ஒரே மூச்சில் வெளியே பாயும். சாத்திய கதவு நல்ல தடுப்பு, அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

17. கார்ல எங்கே வைக்கிறது? பானெட்ல புகை வந்தா?

டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் போட்டு வைத்தால் இல்லாததற்குச் சமம். இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில், உருளாதபடி தாங்கியில் மாட்டுங்கள்.

பானெட்டில் புகை வந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, முதலில் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விட வேண்டும். பானெட்டை முழுதாகத் திறந்தால் 16இல் சொன்னதேதான் நடக்கும். நெம்புகோலை மட்டும் இழுத்து, ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே அடியுங்கள். சுவாலை நன்றாக வெளியே தெரிந்தால் அதுவும் வேண்டாம். வண்டி போனால் போகட்டும்.

18. முள் பச்சையில இருந்தா ஓகேதானே? சிலதுல மீட்டரே இல்லையே?

பச்சை நல்ல அறிகுறி, ஆனால் அது அழுத்தத்தை மட்டும்தான் சொல்கிறது. மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் கொடுங்கள்: பின்னும் முத்திரையும் இருக்கின்றனவா, குழாயில் வெடிப்பு உண்டா, முனையில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா, உடம்பில் துருவோ நசுங்கலோ உண்டா, முன்னால் யாராவது பொருட்களை அடுக்கி மறைத்துவிட்டார்களா. கடைசியாகச் சொன்னதுதான் நான் அதிகம் பார்ப்பது. முள் பச்சையைத் தாண்டி மேலே இருந்தாலும் கோளாறுதான்.

கார்பன் டை ஆக்சைடு வகையில் மீட்டர் இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உடம்பில் குறித்த நிரப்பளவில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். உள்ளே தனியாகச் சிறு வாயுக்குப்பி வைத்த பவுடர் வகைகளிலும் மீட்டர் இல்லாமல் இருக்கலாம். வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் சர்வீஸ் கொடுங்கள். சிலிண்டரின் உடம்பையும் அவ்வப்போது நீரழுத்தத்தில் சோதிப்பார்கள். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 10 தரநிலைப்படி அது தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு வகைகளுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை, அழுத்தத்தோடு வரும் சாதாரணப் பவுடர் வகைக்கு 12 வருடத்துக்கு ஒருமுறை.

19. வேலை செய்யுதான்னு லேசா ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். ஒண்ணும் ஆகாதே?

ஆகும். பவுடரின் சில துகள்கள் வால்வு அமர்ந்து மூடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அது முழுதாக மூடாது, அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். ஒரு நொடி அடித்திருந்தாலும் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். 4இல் சொன்ன ஒரு நொடிச் சோதனை, நிஜத் தீயை அணைக்கப் போகும்போது மட்டும்.

20. எங்கே மாட்டுறது? அடுப்புக்குப் பக்கத்துலதானே தீ வரும்?

அதனால்தான் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது. தீ பிடித்த பிறகு அங்கே கை நீட்ட முடியுமா? வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, எல்லோரும் தூக்கக்கூடிய உயரத்தில் மாட்டுங்கள். வாசலில் இருந்தால் அதை எடுக்க வரும்போதே நீங்கள் வெளியேறும் வழிக்கு வந்துவிடுகிறீர்கள். திரும்பிப் போவதா வேண்டாமா என்று அங்கே நின்று முடிவு செய்யலாம்.

21. எங்க தாத்தா காலத்துல தலைகீழா கவுத்துதான் அடிப்பாங்களாம். உண்மையா?

உண்மை. அவை சோடா அமில வகை. உள்ளே சமையல் சோடாக் கரைசல், மேலே ஒரு குப்பியில் கந்தக அமிலம். கவிழ்த்தால் இரண்டும் கலந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகி, அந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும். நிறுத்தவும் முடியாது. இன்றையதைக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்பது 3இல் இருக்கிறது. அழுத்திய காற்றால் மருந்தைத் தள்ளும் இன்றைய வழி அதைவிடப் பழையது என்பது வேடிக்கை. 1818இல் ஜார்ஜ் மேன்பி என்ற ஆங்கிலேயர் செய்த செப்புக் கலம், பொட்டாசியம் கார்பனேட் கரைசலை அழுத்திய காற்றால்தான் தள்ளியது.

பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் கண்ணாடிக் குண்டு, பித்தளை பம்பு வகைத் தீயணைப்பான்களை அலங்காரத்துக்குக்கூட யோசித்து வாங்குங்கள். சிலவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கும். அது நஞ்சு, தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற இன்னும் கொடிய வாயுவாகும்.

22. லேபிள்ல 13ஏ, 55பின்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

ஐரோப்பிய முறையில் அது சோதனையில் அணைத்த தீயின் அளவு. 13ஏ என்றால் 1.3 மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய மரக்கட்டைகளின் தீ. 55பி என்றால் 55 லிட்டர் திரவத் தட்டின் தீ. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி எரிபொருள். எண் கூடக் கூடத் திறன் கூடும். அமெரிக்க எண்கள் வேறு கணக்கு, இரண்டையும் ஒப்பிடாதீர்கள். ஒரே எடையுள்ள இரண்டு பவுடர் தீயணைப்பான்களில் எதை வாங்குவது என்று குழம்பினால் விலைக்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், சோதனையில் அடிப்பவர் கைதேர்ந்தவர். முதல்முறை பிடிக்கும் நமக்கு அவ்வளவு வராது.

23. அணைஞ்சிடுச்சு. அப்புறம்?

முதுகைக் காட்டாதீர்கள். தீயைப் பார்த்தபடியே பின்னோக்கி வாருங்கள். மீதி மருந்து இருந்தால் முனையை அங்கேயே வைத்துக்கொண்டு கங்கு கிளம்புகிறதா என்று பாருங்கள். மெத்தை, துணி மூட்டை, மரத்தூள் எல்லாம் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். தீயணைப்புத் துறையினர் பார்க்கும்வரை அந்த அறையைப் பயன்படுத்த வேண்டாம்.

பவுடரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். காற்றோட்டம் வந்த பிறகு முகக்கவசம் போட்டு, முதலில் உலர்வாகத் துடைத்தெடுத்து, பிறகு ஈரத்துணி. நேராகத் தண்ணீரை ஊற்றினால் சேறாகி இடுக்குகளில் போய் அரிக்கத் தொடங்கும். காலியான சிலிண்டரைப் பழைய கொக்கியிலேயே மாட்டி வைக்காதீர்கள்; அடுத்து எடுப்பவர் அது நிரம்பியது என்றுதான் நினைப்பார்.

24. ஒண்ணு தீர்ந்துபோச்சு, தீ அணையலை. ஓடிப்போய் இன்னொண்ணு எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். நீங்கள் போய் வரும் நேரத்தில் தீ, முதல் சிலிண்டருக்கே அடங்காத அளவிலிருந்து இன்னும் பெருத்திருக்கும், புகையும் கீழே இறங்கியிருக்கும். வெளியேறுங்கள், வரும் வழியில் கதவுகளைச் சாத்திக்கொண்டே வாருங்கள், பூட்டாதீர்கள்.

இரண்டு பேர், இரண்டு தீயணைப்பான்கள் தொடக்கத்திலேயே கையில் இருந்தால் அது வேறு. ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதைவிட இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் நின்று அடிப்பது பலன் தரும். எதிரெதிராக நிற்காதீர்கள், ஒருவர் அடிப்பது தீயை மற்றவர் மேல் தள்ளும்.